நகராட்சி வார்டுத் தேர்தல்: வாக்குச்சாவடிக் கணக்கு பிசகாமல் நடத்தும் முறை

சட்டமன்றத் தேர்தலில் ஒரு பூத்தின் கணக்கில் பத்து ஓட்டு இடித்தால், அதாவது பொருந்தாமல் போனால், தொகுதியின் முடிவு பெரும்பாலும் அசையாது. வார்டுத் தேர்தலில் அந்தப் பத்து ஓட்டுதான் முடிவே. சேலம் மாவட்டத்தின் ஆத்தூர் நகராட்சியில் 33 வார்டுகள், பக்கத்திலேயே இருக்கும் நரசிங்கபுரத்தில் 18. ஒரு வார்டுக்குச் சில பூத்துகள்தான் இருக்கும், எனவே ஒரு பூத்தின் தவறை மறைக்க மற்ற பூத்துகளின் எண்ணிக்கை போதாது. 2022இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மின்னணு இயந்திரம் இருந்தது, ஆனால் விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று துண்டுச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) இல்லை. இயந்திரம் காட்டும் எண்ணைச் சரிபார்க்க வாக்காளர் பார்த்த துண்டுச் சீட்டு எதுவும் பெட்டியில் கிடக்காது. பூத்தின் தலைமை அலுவலர் கைப்பட எழுதிய கணக்கும், வேட்பாளர்கள் சார்பில் பூத்தில் உட்காரும் ஏஜெண்டுகள் போட்ட கையெழுத்தும்தான் சாட்சி. இந்த வழிகாட்டி பூத் வேலையை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்வது அதனால்தான்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. முதல்முறை தேர்தல் பணிக்கு வரும் ஆசிரியரும் அலுவலகப் பணியாளரும் பயிற்சி வகுப்புக்குப் போகுமுன் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போனால், அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகும். படிவ எண்களை இங்கே தரவில்லை. விதிகள் திருத்தப்படும்போது எண்கள் மாறும். உங்கள் கையில் தரப்படும் கையேட்டில் எந்த எண் இருக்கிறதோ அதையே எழுதுங்கள், போன தேர்தலின் நினைவில் எழுத வேண்டாம்.

யார் நடத்துகிறார்கள்

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி நகர்ப்புற மன்றங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தும் பொறுப்பு அதனுடையது. மாவட்ட அளவில் ஆட்சியர் மாவட்டத் தேர்தல் அலுவலர். நகராட்சியில் ஆணையர்தான் தேர்தல் நடத்தும் அலுவலர், அவருக்குக் கீழே வார்டுகளைப் பிரித்துக்கொண்டு உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர்கள். பூத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் மண்டல அலுவலர். வாக்குப்பதிவு நாளில் நீங்கள் அதிகம் கூப்பிடப்போவது அவரைத்தான், எனவே அவருடைய எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் டைரியின் முதல் பக்கத்திலும் எழுதிவையுங்கள்.

சேலம் மாவட்டத்தில் 60 வார்டுகள் கொண்ட சேலம் மாநகராட்சி, மேட்டூர், ஆத்தூர், நரசிங்கபுரம், எடப்பாடி, தாரமங்கலம், இடங்கணசாலை ஆகிய நகராட்சிகள், அவற்றோடு பேரூராட்சிகள் எல்லாம் இந்த முறையில் வரும். ஏற்காடு வராது. மலை முழுக்க ஊராட்சி ஒன்றியம், அதில் 9 கிராம ஊராட்சிகள். அங்கே ஊரக உள்ளாட்சித் தேர்தல், வாக்குச்சீட்டும் பெட்டியும்தான். ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மலைப் பணி ஆணை வந்தவர்கள் நகராட்சிப் பயிற்சியில் உட்கார்ந்து பயனில்லை. உங்களுடைய வேலையும் கணக்கும் வேறு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர ஆகும் நேரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் முத்திரை வைக்கும் வேலையைத் திட்டமிட வேண்டும்.

வேட்புமனு: எங்கே விழும்

வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த உள்ளாட்சியின் ஏதாவதொரு வார்டில் வாக்காளராக இருந்தால் போதும், போட்டியிடும் வார்டிலேயே பெயர் இருக்கத் தேவையில்லை. ஆனால் முன்மொழிபவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். மனுக்கள் விழுவதில் பெரும் பங்கு இதில்தான். எல்லைத் தெருவில் குடியிருக்கும் நண்பரைக் கூட்டி வருவார்கள், அவர் பெயர் அடுத்த வார்டுப் பட்டியலில் இருக்கும். மனு கொடுக்குமுன் முன்மொழிபவரின் வார்டு எண், பாகம், வரிசை எண் மூன்றையும் இறுதிப் பட்டியலில் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

2022இல் வைப்புத்தொகை மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. தனி வார்டில் நிற்பவர் சாதிச் சான்றை மனுவோடு வைக்க வேண்டும். வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், சொல்ல ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கியை முன்கூட்டியே கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பரிசீலனை மேசையில் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

வார்டுப் பட்டியல்: சண்டை இங்கேதான் தொடங்கும்

மாநிலத் தேர்தல் ஆணையம் புதிதாகப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கிறது. சேலம் வடக்கு, தெற்கு, மேற்குத் தொகுதிகளின் பாகங்கள் மாநகராட்சி வார்டுகளாக வெட்டப்படும்போது வரிசை எண் மாறுகிறது, பூத்தும் பல நேரம் மாறுகிறது. வாக்காளர் சட்டமன்றத் தேர்தலின் பூத் சிலிப்பை நீட்டி, ‘போன தடவை இந்த ஸ்கூல்லதான் ஓட்டுப் போட்டேன்’ என்பார். அவர் சொல்வது உண்மை, ஆனால் அந்த எண் இங்கே செல்லாது.

இதற்கு வாசலிலேயே வழி செய்யுங்கள். முதல் நாள் மாலையே பூத் வாசலில் வார்டு எண், பூத் எண், அதில் அடங்கும் தெருக்களின் பெயர் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஒரே பள்ளியில் நான்கைந்து பூத்துகள் இருந்தால் நுழைவாயிலிலும் ஒரு மொத்தப் பட்டியல் வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் ஆண்கள் பூத், பெண்கள் பூத், அனைத்து வாக்காளர் பூத் என்று பிரித்திருப்பார்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு அறைக்குப் போக வேண்டியிருக்கும். அதையும் பலகையில் எழுதாவிட்டால் பாதி வரிசை தவறான அறையில் நின்றுவிட்டு, உள்ளே வந்த பிறகுதான் திரும்பும்.

பெயர் பட்டியலில் இருந்தால் ஓட்டு உண்டு. வாக்காளர் அட்டை இருந்தும் பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. இந்த இரண்டில் எந்தப் பரிதாபத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள், ஆனால் கோபப்படாமல் சொல்லுங்கள். அடுத்த வார்டுப் பட்டியலில் பெயர் இருக்கலாம் என்று வழிகாட்டுங்கள். பூத் சிலிப் பெயரைத் தேடித் தரும் காகிதம், அடையாள ஆவணம் ஆகாது. அட்டை இல்லாதவர் ஆணையம் அறிவித்த மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலை முதல் வாக்குப்பதிவு அலுவலரின் மேசையில் ஒட்டிவையுங்கள்.

முதல் நாள்: பொருள் வாங்கும் மேசையில்

விநியோக மையத்தில் கூட்டம் நெருக்கும், மண்டல அலுவலர் ‘வண்டி கிளம்புது’ என்பார். அவசரப்படாமல் அங்கேயே நின்று நான்கு விஷயங்களைப் பாருங்கள். அலுவலர் மேசையில் இருக்கும் கண்ட்ரோல் யூனிட், வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட் இரண்டின் வரிசை எண்ணும் உங்கள் பூத்துக்கு ஒதுக்கிய தாளில் உள்ள எண்ணும் ஒன்றா? பேலட் யூனிட்டில் பதித்திருக்கும் வாக்குச்சீட்டு உங்கள் வார்டினுடையதா? பட்டியலின் குறியிடும் நகலில் (ஓட்டுப் போட வந்தவர் பெயரை அடிக்கோடிடும் பிரதி) எல்லாப் பக்கமும், துணைப் பட்டியலும் இருக்கிறதா? இயந்திரத்தை முத்திரையிடும் பச்சைக் காகித முத்திரை, ஸ்ட்ரிப் சீல், ஸ்பெஷல் டேக் ஆகியவற்றின் எண்கள் ரசீதில் உள்ளபடியா? வேறு வார்டின் வாக்குச்சீட்டு பதித்த யூனிட் காலை 6 மணிக்குக் கண்ணில் பட்டால் மாற்று இயந்திரம் வந்து சேர ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒரு பேலட் யூனிட்டில் 16 பெயர் வரை கொள்ளும். வேட்பாளர்கள் 16க்கு மேல் போனால் இரண்டாவது யூனிட் தருவார்கள். அதன் உள்ளே இருக்கும் ஸ்லைடு சுவிட்ச் 2இல் இருக்க வேண்டும்.

சின்னச் சாமான்களில் அரக்கு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, நூல், பிளேடு, பசை, ஸ்டாம்ப் பேடு, சிவப்பு மைப் பேனா இவற்றைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்த ஸ்டாம்ப் பேடு கைரேகை வைப்பவர் வரும்போதுதான் தெரியும். அழியா மை குப்பி சாயாமல் இருக்க ஒரு சின்னக் கிண்ணத்தில் மணல் போட்டு அதில் நட்டுவையுங்கள்.

அறை அமைப்பு

வகுப்பறையில் இரண்டு கதவு இருந்தால் ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போக. ஒரே கதவென்றால் நடுவில் கயிறு கட்டுங்கள். வாக்களிக்கும் மறைவிடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருக்கவே கூடாது. இருந்தே தீர வேண்டுமானால் மூடி அட்டை வைத்து அடையுங்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்கவில்லை என்றாலும், பார்க்க முடியும் என்று வாக்காளர் நினைத்துவிட்டாலே இரகசியம் போயிற்று. பேலட் யூனிட்டின் ஒயர் சுமார் ஐந்து மீட்டர். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, ஆனால் காலில் மாட்டாதபடி சுவரோரமாகப் போகட்டும்.

ஏஜெண்டுகளின் பெஞ்ச், வாக்காளர் முகத்தையும் கண்ட்ரோல் யூனிட்டையும் பார்க்கும் கோணத்தில் இருக்க வேண்டும். மறைவிடம் அவர்கள் கண்ணில் படக் கூடாது. நியமனப் படிவத்தில் உள்ள கையெழுத்தை வேட்பாளரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே உட்கார வையுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான். போன் வெளியே. இன்னும் யார் வரவில்லை என்ற எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வெளியே அனுப்பும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு, முதல் சீட்டிலேயே நிறுத்துங்கள். மதியத்துக்கு மேல் நிறுத்தப் பார்த்தால் ‘காலையில அவரை விட்டீங்களே’ என்று கேட்பார்கள், பதில் இருக்காது.

மாதிரி வாக்குப்பதிவு

வாக்குப்பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்குங்கள். யூனிட்டுகளை இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் பவர் சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். ஆனில் வைத்து ஒயர் மாட்டுவதால்தான் பல இடங்களில் ‘எல்.இ.’ (லிங்க் எரர், இணைப்புப் பிழை) என்று காட்டும். அப்படிக் காட்டினால் ஆஃப் செய்து, ஒயர் முனையை அழுத்தி மாட்டி, மறுபடி ஆன் செய்யுங்கள்.

முதலில் கிளியர் பொத்தானை அழுத்தி எல்லா வேட்பாளருக்கும் சுழியம் என்று ஏஜெண்டுகளுக்குக் காட்டுங்கள். பிறகு கையேடு சொல்லும் எண்ணிக்கைக்குக் குறையாமல் ஓட்டுப் போடுங்கள். இதில் நாங்கள் அழுத்தமாகச் சொல்வது ஒன்று: எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு ஆறாகப் போட்டால், ஒருவருடைய பொத்தான் இன்னொருவர் கணக்கில் ஏறினாலும் முடிவு ஆறாறாகவே தெரியும். முதல் பெயருக்கு 4, இரண்டாம் பெயருக்கு 5, மூன்றாவதற்கு 6 என்று வேறு வேறாகப் போட்டுத் தாளில் குறித்துக்கொண்டே வந்தால், எது எங்கே ஏறியது என்பதை ரிசல்ட் காட்டிக் கொடுக்கும்.

பிறகு கிளோஸ், ரிசல்ட், கிளியர், இந்த வரிசையில். ரிசல்ட்டை ஒவ்வொரு எண்ணாக வாசித்துத் தாளோடு ஒப்பிடுங்கள். கிளியர் அழுத்திய பிறகு டோட்டல் அழுத்தி சுழியத்தைக் காட்டி, மாதிரி வாக்குப்பதிவுச் சான்றில் ஏஜெண்டுகளின் கையெழுத்தை வாங்குங்கள். வார்டுத் தேர்தலில் நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை இந்தக் கிளியரை மறப்பதுதான். மணி 7 நெருங்குகிறது, வெளியே வரிசை சத்தம் போடுகிறது, முத்திரைக்கு அரக்கு உருகவில்லை, அந்தப் பரபரப்பில் கை நேராக முத்திரைக்குப் போய்விடும். மாதிரி ஓட்டு ஐம்பதும் உண்மையான ஓட்டோடு கலந்தால் பிரிக்க வழியே இல்லை. விவிபேட் சீட்டு இல்லாததால் அந்த பூத்துக்கு மறுவாக்குப்பதிவு வரை போகலாம். 2022இல் வெவ்வேறு காரணங்களுக்காகச் சில பூத்துகளில் பிப்ரவரி 21இல் மறுபடி ஓட்டுப் போட வைத்தார்கள்.

எனவே டோட்டல் சுழியம் என்று காட்டி, அதை டைரியில் எழுதி, மணியையும் குறித்த பின்னரே முத்திரைச் சாமானைத் தொடுவது என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை வைக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மெழுகுவத்தி நிற்காது. பச்சைக் காகித முத்திரையின் வெள்ளைப் பக்கத்தில், வரிசை எண்ணுக்குக் கீழே நீங்கள் கையெழுத்திட்டு, விரும்பும் ஏஜெண்டுகளையும் போடச் சொல்லுங்கள். ரிசல்ட் பகுதியின் உள்கதவுச் சட்டத்தில் அதைச் செருகிக் கதவை மூடும்போது இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும். மடங்கினாலோ கிழிந்தாலோ அதை வீசாமல் தனியே வைத்துக் கணக்கில் காட்டி, புதியதை எடுங்கள். அடுத்து ஸ்பெஷல் டேக். அதன் துளை கிளோஸ் பொத்தானின் மேல் சரியாக உட்கார வேண்டும், மாலையில் அந்தப் பொத்தானை அழுத்தியாக வேண்டும் அல்லவா. பிறகு வெளிக்கதவு, அட்ரஸ் டேக், கடைசியில் சுற்றிலும் ஸ்ட்ரிப் சீல். எண்கள் எல்லாவற்றையும் ஏஜெண்டுகள் குறித்துக்கொள்ளட்டும், கேட்காவிட்டாலும் நீங்களே வாசியுங்கள்.

ஓட்டு ஓடும் நேரம்

முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்க வாசிக்கிறார், அடையாளம் பார்க்கிறார், குறியிடும் நகலில் சிவப்பு மையில் அடிக்கோடு இடுகிறார். பெண் வாக்காளர் என்றால் கூடவே ஒரு டிக். மறந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும் ஆண், பெண் எண்ணிக்கைக்குப் பட்டியலை முதலிலிருந்து புரட்ட வேண்டிவரும். சேலத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் பலர் இருப்பது சாதாரணம். தந்தை அல்லது கணவர் பெயரையும் சேர்த்தே வாசியுங்கள். தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் குடும்பங்களின் பெயர்கள் பட்டியலில் எழுத்து மாறி ஏறியிருக்கும். ஓரெழுத்துப் பிழைக்காக யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள், முகமும் ஆவணமும் ஒத்துப்போனால் போதும்.

இரண்டாம் அலுவலர் வாக்காளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, இடக்கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, சிலிப் தருகிறார். நக நுனியில் தொடங்கி முதல் கணுவின் அடி வரை ஒரு கோடு. வெறும் நகத்தில் மட்டும் வைப்பது தவறு, தோலிலும் பட வேண்டும். மையில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால்தான் கறுத்து நிற்கும். கொலுசுப் பட்டறையிலிருந்து பாலீஷ் கறையோடு வரும் விரல், சேகோ ஆலை மாவு ஒட்டிய விரல், எண்ணெய் தடவிய விரல் எல்லாவற்றையும் முதலில் துணியால் துடையுங்கள், பிறகு வையுங்கள். மை காயும் வரை கையைத் தலையில் துடைக்காமல் பார்த்துக்கொள்வது மூன்றாம் அலுவலரின் வேலை.

மூன்றாம் அலுவலர் சிலிப்பை வாங்கி, மையைப் பார்த்து, பேலட் பொத்தானை அழுத்துகிறார். கண்ட்ரோல் யூனிட்டில் பிஸி விளக்கு சிவப்பாக எரியும், உள்ளே பேலட் யூனிட்டில் பச்சை விளக்கு. வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்து, நீண்ட பீப் ஒலி வந்து, பிஸி அணையும். பீப் கேட்காமல் வாக்காளர் வெளியே வந்துவிட்டால் ‘அம்மா, ஓட்டு விழல, திரும்பப் போய் அழுத்துங்க’ என்று அங்கேயே சொல்லுங்கள். போக மறுத்துச் சென்றுவிட்டால், பேலட்டை மறுபடி அழுத்தாமல் அடுத்த வாக்காளரை நேரே உள்ளே அனுப்பலாம், அல்லது பவரை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டு அடுத்தவருக்குப் புதிதாக பேலட் அழுத்தலாம். எதைச் செய்தாலும் பதிவேட்டில் போனவரின் வரிக்கு நேரே ‘வாக்களிக்காமல் சென்றார்’ என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் மாலையில் எண்ணை இடிக்கும்.

நோட்டா எங்கே என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். தமிழ்நாட்டில் நோட்டா முதன்முதலில் வந்தது இந்த மாவட்டத்தில்தான், 2013 டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில். ஆனால் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா பொத்தான் இல்லை. பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு யாருக்கும் போட விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். ‘வாக்களிக்க மறுத்தார்’ என்று குறிப்பெழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

ஒருவர் வந்து, தன் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால், கேள்வி கேட்டு அவர்தான் உண்மையானவர் என்று தெரிந்தால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கொடுங்கள். அவருக்கு இயந்திரத்தில் இடம் இல்லை. சீட்டைத் தனி உறையில் வைத்து, தனிப் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கும் உறை. ஏஜெண்ட் ஒருவர் வாக்காளரின் அடையாளத்தை எதிர்த்தால் கையேட்டில் உள்ள கட்டணத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே சுருக்கமாக விசாரியுங்கள். நிரூபிக்க வேண்டியது எதிர்த்தவர். விசாரணை நடக்கும்போது வரிசை நிற்கக் கூடாது, வாக்காளரை ஓரமாக உட்கார வையுங்கள்.

பார்வையற்றவரோ உடல் நலிந்தவரோ வந்தால் 18 வயது நிறைந்த துணைவர் உடன் போகலாம். ஒருவர் அன்று ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை. ‘தெருவில் எல்லாப் பாட்டிகளையும் நான்தான் கூட்டி வருவேன்’ என்று வரும் ஆளை இரண்டாம் தடவை உள்ளே விடாதீர்கள். உறுதிமொழி வாங்கினால் அவர் பெயர் துணைவர் பட்டியலில் இருக்கும், சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பூத் அலுவலர்கள் யாரும் துணையாகப் போகக் கூடாது.

இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் நேரத்தை எழுதுங்கள், பிறகு மண்டல அலுவலரைக் கூப்பிடுங்கள். மாற்றும்போது மறுபடி மாதிரி வாக்குப்பதிவு, மறுபடி கிளியர், மறுபடி முத்திரை. பழைய இயந்திரத்தில் அதுவரை விழுந்த ஓட்டுகள் அப்படியே செல்லும், அதையும் மூடி முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும். கணக்கில் இரண்டு எண்களும் தனித்தனியே.

மணிக்கு ஒருமுறை, பிஸி அணைந்திருக்கும்போது டோட்டல் அழுத்திப் பதிவேட்டின் கடைசி எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்பது மணிக்கு ஒரு ஓட்டு இடித்தால் காரணம் எல்லாருக்கும் நினைவிருக்கும். மாலை ஆறுக்குத் தேடினால் யாருக்கும் இருக்காது. தாரமங்கலம், இடங்கணசாலை, எடப்பாடி போன்ற தறி ஊர்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசை ஒரேயடியாக நீளும். அதற்கு முன்பாகவே ஒரு சரிபார்ப்பை முடித்துவிட்டு, முதல் அலுவலருக்கு ஓய்வும் கொடுங்கள். வேகம் தடைபடுவது பெரும்பாலும் அவருடைய மேசையில்தான்.

முடிக்கும் நேரம்

2022இல் காலை 7 முதல் மாலை 6 வரை, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா தொற்றாளர்களுக்கென்று இருந்தது. உங்கள் தேர்தலின் நேரம் அறிவிக்கையில் இருக்கும். அந்த நிமிடத்தில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் ஓட்டு உண்டு. கையெழுத்திட்ட எண் சீட்டை வரிசையின் வால் முனையிலிருந்து கொடுத்துக்கொண்டு வாருங்கள், கடைசி ஆளுக்கு 1. முன்னாலிருந்து கொடுத்தால், நீங்கள் பின்னால் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேர் வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

கடைசி வாக்காளர் வெளியேறியதும் கிளோஸ் பொத்தானின் ரப்பர் மூடியை எடுத்து அழுத்துங்கள். திரையில் வரும் மொத்தத்தை உடனே எழுதுங்கள். ரிசல்ட்டைத் தொட வேண்டாம், அதற்கு முத்திரையை உடைக்க வேண்டும், அது எண்ணும் மேசையின் வேலை. பவரை ஆஃப் செய்து ஒயரைக் கழற்றுங்கள்.

கணக்கு இப்படி வர வேண்டும்: பதிவேட்டின் கடைசி எண் 812, மறுத்தவர்கள் 2, வாக்களிக்காமல் சென்றவர் 1. இயந்திரம் 809 காட்ட வேண்டும். குறியிடும் நகலில் அடிக்கோடுகள் 812. ஆய்வுக்குரிய சீட்டுகள் இதில் எதிலும் சேராது. இடித்தால் இடித்ததாகவே எழுதி, காரணம் தெரிந்தால் டைரியில் விளக்குங்கள். பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்த்தோ அடித்தோ எண்ணைப் பொருத்தப் பார்ப்பது குற்றம். ஒரு ஓட்டு வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். திருத்திய பதிவேட்டுக்கு விளக்கமே கிடையாது. பதிவான வாக்குகளின் கணக்கை ஏஜெண்டுகள் ஒவ்வொருவருக்கும் நகல் எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி காத்திருக்கிறது என்று இதைத் தவிர்த்தால், எண்ணும் நாளில் உங்கள் பூத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுக்க ஆளிருக்காது.

ஒப்படைக்கும் மையத்தில் முதலில் இயந்திரமும் கணக்குப் படிவமும், அடுத்து முத்திரையிட்ட உறைகள், கடைசியில் மற்றவை. கணக்குப் படிவம் உறைக்குள் போய் ஒட்டப்பட்டுவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அதைக் கையிலேயே வைத்திருங்கள்.

எண்ணிக்கையும் அதற்குப் பிறகும்

முதலில் தபால் ஓட்டு, பிறகு இயந்திரம். ஏஜெண்ட் மேசையில் செய்ய வேண்டியது இரண்டே. முத்திரை எண்கள் பூத்தில் குறித்தவைதானா என்று பார்ப்பது, ரிசல்ட்டின் மொத்தம் தன் கையில் உள்ள நகலோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஆட்சேபம் இருந்தால் அந்தச் சுற்று முடியுமுன் எழுத்தில் கொடுக்க வேண்டும். இருவருக்குச் சமமாக வந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கல் மூலம் முடிவு செய்வார். வார்டுத் தேர்தலில் இது நடக்கக்கூடியதுதான்.

தலைவரையும் துணைத் தலைவரையும் கவுன்சிலர்கள் மறைமுகமாகத் தேர்ந்தெடுப்பார்கள். 2022இல் பதவியேற்பு மார்ச் 2, மறைமுகத் தேர்தல் மார்ச் 4. அதற்குத் தனி அறிவிப்பும் தனி வாக்குச்சீட்டும் உண்டு.

வேட்பாளர்கள், தோற்றவர்களும் சேர்த்து, செலவுக் கணக்கை முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2022இல் உச்சவரம்பு சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கு 85,000 ரூபாய், முதல் மற்றும் இரண்டாம் நிலை நகராட்சிகளுக்கு 34,000, பேரூராட்சிக்கு 17,000. தேநீர், ஆட்டோ, துண்டறிக்கை என்று அன்றன்று எழுதி ரசீது ஒட்டி வையுங்கள். தோற்றவர்கள் ‘இனி எதற்கு’ என்று விட்டுவிட்டுத் தகுதியிழப்பு நோட்டீஸ் வாங்குவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. செலவே செய்யாதவரும் கணக்குத் தாக்கல் செய்துதான் ஆக வேண்டும், ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.